பிறைக்காசு

அத்தியாயம் 9

சவுரிராயன் மண்ணுக்குள் போய் இன்றோடு முப்பது நாள். அவர் மகள் ஜெசிந்தாவுக்குத் திருடி என்று பெயர் வந்து இருபத்தொன்பது நாள்.

அவள் எடுத்துவிட்டதாகச் சொல்லப்படுவது ஒரே ஒரு ரூபாய். பழைய ஸ்டீல் காசு. கடையில் நீட்டினால் தீப்பெட்டிகூடக் கிடைக்காது, அது இரண்டு ரூபாய் ஆகிவிட்டது.

ஆனால் அந்தக் காசு மற்ற காசு மாதிரி இல்லை. நாணயச் சாலையில் அச்சு விழுகிற நேரத்தில் தகடு சற்றே நகர்ந்துவிட்டது. அதனால் எண்ணும் எழுத்தும் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பாதி வெளியே போய்விட்டன. மறுபக்கத்தில் ஒன்றும் பதியாமல், வழவழவென்று ஒரு பிறை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சவுரிராயனிடம் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு பூக்காரம்மா அதைக் கொடுத்தாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நல்ல ரூபாயை எடுத்துக் கண்டக்டர் பையில் போட்டுவிட்டு இதை வைத்துக்கொண்டார். பிறைக்காசு என்று பெயரும் வைத்தார். அவருடைய பிஸ்கட் டின்னில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பிழைக் காசுகளுக்கு அதுதான் ராஜா.

அடக்கம் முடிந்த மறுநாள் டின்னைத் திறந்தால் ராஜாவைக் காணோம்.

டின்னை ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனம் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் ஜெசிந்தாவின் புருஷன் தென்னரசு. சாகிற நேரத்திலும் அது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கிழவர் பிடிவாதம் பிடித்ததால் எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து வைத்தான். நல்லது செய்யப் போனவன் தலையில்தான் பழி விழும். விழுந்தது.

அண்ணன் பிரான்சிஸ் கெட்டவன் இல்லை. இதை இரண்டாவது அத்தியாயத்திலேயே அடித்துச் சொன்னேன். இன்று எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. ரைஸ் மில் வேலை போய் நாலு மாதமாகிறது. மகள் நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். அந்த நேரம் பார்த்து, பிறை விழுந்த காசு பதினைந்து லட்சம் போகும் என்று யூடியூபில் எவனோ சொல்லிவிட்டான். அதுவரை அப்பாவின் டின்னைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன், இந்த ஒரு மாதத்தில் அவருடைய குறிப்பு நோட்டைக் கரைத்துக் குடித்துவிட்டான். அவர் பேனாவில் வரைந்து வைத்திருந்த பிறைக்காசின் படம் இப்போது அவனுக்கு மனப்பாடம்.

போன வாரம் அவன் போட்ட நிபந்தனை இது. முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ண வேண்டும். முடியாது என்கிறவர்கள் இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

அந்த நாள் விடிந்தபோது ஜெசிந்தா திண்டிவனம் பஸ் ஏறவில்லை. விழுப்புரத்திலேயே, வழுதரெட்டியில் இருக்கும் நடராசன் வீட்டுக்குப் போனாள்.

நடராசன் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சவுரிராயனுக்குக் காசுப் பைத்தியத்தில் கூட்டாளி. இருவரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு காசில் வருஷத்துக்குக் கீழே இருப்பது புள்ளியா நட்சத்திரமா என்று மத்தியானம் வரை பேசுவார்கள். நொய்டாவில் அடித்ததா, ஐதராபாத்தில் அடித்ததா என்பதில் அவர்களுக்குச் சண்டைகூட வந்திருக்கிறது. அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு கட்டோடு படுத்திருந்தார்.

"சார், யாராச்சும் அந்தக் காச விக்கறதுக்கு வந்தாங்களா?"

"வந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்காது பாப்பா. விழுப்புரம், பாண்டி, கடலூரு மூணு ஊருலயும் சேத்து எரர் காயின் வாங்கறவன் ஏழு பேரு. ஏழு பேரயும் கேட்டுட்டேன். காசு வெளிய வரல."

"அது நெஜமாவே பதினஞ்சு லட்சமா சார்?"

நடராசன் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டார்.

"பிறை பெருசு. வருசம் முழுசாத் தெரியுது. அதனால நாலாயிரம். பித்துப் புடிச்சவன் கெடச்சா அஞ்சு. உங்கப்பாவுக்கும் இது தெரியும். யூடியூப்ல ஒரு கோடின்னுகூட சொல்லுவான். வாங்கறவன் மொகத்தக் காட்டறானான்னு பாரு."

நாலாயிரம். ஒரு மாதமாக அண்ணன் தங்கையைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. அது நாலாயிரத்துக்காக என்று கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அசிங்கமாக இருந்தது.

கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவரு மொகத்தக் கடைசியா நான் பாக்கல. ஃபோட்டோ ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

இருந்தது. அடக்கத்தன்று பெட்டியை மூடுவதற்கு முன் தன் ஃபோனில் ஒன்றே ஒன்று எடுத்திருந்தாள். இந்த முப்பது நாளில் அதைத் திறக்க அவளுக்குத் தெம்பு வரவில்லை. இப்போதும் தான் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினாள்.

நடராசன் வெகு நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு அவசரமாக மேஜை இழுப்பறையைத் திறந்து லென்ஸை எடுத்து ஃபோன் மேல் வைத்தார். அப்படி வைத்தால் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதுகூட அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"பாப்பா, நெத்தியில இருக்கறது நெத்திக்காசு தானே?"

"ஆமா சார். எங்க ஆளுங்கள்ல வெப்பாங்க."

"இது இன்னான்னு நீயே பாரு."

ஜெசிந்தா பார்த்தாள். அப்பாவின் நெற்றி. குழைத்த சந்தனம். அதன்மேல் ஒரு ரூபாய். அந்த ரூபாயின் ஓரத்தில், வெளிச்சம் பட்டு, வழவழவென்று ஒரு பிறை.

அவளுக்கு அன்றைக்கு நடந்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பமானாலும் செத்தவர் நெற்றியில் காசு வைப்பதை அவர்கள் விட்டதில்லை. ஃபாதர் வருவதற்கு முன்னால் முடித்துவிடுவார்கள், அவரும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். அன்று யாரோ ஒரு பொம்பளை, "நெத்திக்கு ஒரு ரூபா குடுங்கப்பா" என்று கேட்டாள். பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். ஒருவர் பையிலும் சில்லறை இல்லை. எல்லோர் கையிலும் ஃபோன்தான் இருந்தது, அதைக் கொண்டுபோய்ப் பிணத்தின் நெற்றியிலா ஒட்ட முடியும்? அம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு காசோடு வந்தாள். மகன் கையில் கொடுத்தாள்.

அதை அப்பாவின் நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியவன் பிரான்சிஸ்.

"அண்ணனேதான் வெச்சிது சார். அதுவே கைய வெச்சி அமுக்குச்சி."

"அது பெட்டியோட உள்ளயே போயிடுச்சா?"

"போயிடுச்சி."

நடராசன் பெருமூச்சு விட்டார். அவளுக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்மா. மண்ணுல நூறு வருசம் கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டி, மயிலம் கூட்டு ரோடு தாண்டித் திண்டிவனம் வரும்வரை அவள் மனம் லேசாக இருந்தது. அப்பா செத்த துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், திருடி என்ற பெயர் போகப் போகிறது. ஃபோனை அண்ணன் மூஞ்சிக்கு நேராக நீட்டி, "இந்தா, உன் கட்டைவிரலு" என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தென்னரசுக்குக்கூட ஃபோன் பண்ணவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லும்போது அவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசைப்பட்டாள்.

பாவம், அந்த முக்கால் மணி நேரத்தை அவளுக்கே விட்டுவிடுவோம்.

திண்டிவனத்தில், கிடங்கலில் இருக்கும் வீட்டில் அம்மா சூசை மேரி பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பூசை முடிந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு. பிரான்சிஸ் சேர் எடுக்கப் போயிருந்தான்.

"அம்மா, இதப் பாரேன்."

சூசை மேரி நிமிரவில்லை.

"அப்பா நெத்தியப் பாரும்மா. காசு எங்கயும் போவல. அண்ணன்தான் தெரியாம வெச்சி..."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நான்தானே டின்னுலேந்து எடுத்தாந்து குடுத்தேன்."

"அத்தாம்மா சொல்றேன். நீ அவசரத்துல கைக்கு வந்தத எடுத்துட்ட. அழுதுக்கினு இருந்த, பாக்கல. அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"பாத்துதான் எடுத்தேன்."

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. அம்மா அரிவாள்மனையை ஒருக்களித்து வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெங்காயம் நல்ல துணை, எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"அவரு உள்ள மூச்சு வாங்கிக்கினு கெடக்கறாரு. உங்கண்ணன் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கினு எவங்கிட்டயோ ஃபோன்ல பேசறான். எங்கப்பாட்ட ஒரு பிறைக்காசு இருக்குது, எவ்ளோ குடுப்பன்னு. மனுசன் சாவல இன்னும். வெல பேசறான். நான் தூணுக்கு இந்தாண்ட நிக்கறது அவனுக்குத் தெரியாது."

"அம்மா..."

"நாப்பத்தஞ்சு வருசத்துல எனக்கு ஒரு குண்டுமணி தங்கம் வாங்கித் தரல உங்கப்பா. மேரி இங்க வா, இந்தக் காசப் பாரு, அச்சு நவுந்துக்கிச்சின்னு காட்டுவாரு. எனக்கு இன்னா எழவு தெரியும்? ஆனா காட்டறப்ப அவரு மூஞ்சி நல்லா இருக்கும். மீதி எல்லாத்தயும் இவன் வித்துத் தின்னுட்டுப் போவட்டும். அந்த ஒண்ணு அவரோட போவட்டும்னு தோணுச்சி. எடுத்துக் குடுத்தேன்."

சூசை மேரி மறுபடி அரிவாள்மனையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள்.

"என்னத் திருடின்னு சொன்னப்ப நீ பக்கத்துலதானேம்மா நின்ன?"

"நின்னேன்."

"என் வூட்டுக்காரரக் கையக் காட்டி அண்ணன் திருட்டுப் பயலேன்னு சொல்லுச்சே, அப்பவும் நின்ன."

"நின்னேன்டி."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா தோண்டுவான்." சூசை மேரி இப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு அவனத் தெரியாதா? கோயில்ல கேக்க மாட்டான். குழி வெட்டறவனுக்கு ஒரு குவார்ட்டர வாங்கிக் குடுத்துட்டு, ஜல்தியா வேலய முடிச்சிடுவான். மூடுன பெட்டியத் தெறந்து, அவரு நெத்தியில கைய வுடுவான். நீ திருடின்னு பேரு வாங்கினாலும் தாங்குவ. உனக்குப் புருசன் இருக்கறான், வூடு இருக்குது. அந்தக் குழியத் தோண்டுனா நான் தாங்க மாட்டேன்."

அந்த நிமிஷம் ஜெசிந்தாவுக்கு அம்மாவின் மேல் வந்தது வெறுப்புதான். அதை மாற்றிச் சொல்வதற்கில்லை. ஒரு செத்த நெற்றிக்காக உயிரோடு இருக்கிற மகளைப் பந்தயம் வைத்துவிட்டாளே. ஆனால் அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நூறு வருசம் கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது என்று நடராசன் சொன்னதும் காதில் கேட்டது.

"அழிச்சிடு" என்றாள் சூசை மேரி.

"எங்கிட்ட அப்பா மொகம் கடைசியா இது ஒண்ணுதாம்மா இருக்குது."

"அழிச்சிடு ஜெசி. உன் கால்ல வுழறேன்."

ஜெசிந்தா படத்தை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள். காசைப் பார்க்கவில்லை. மூடிய கண்ணையும், சவரம் பண்ணாத கன்னத்தையும், ஒரு பக்கம் கோணிய உதட்டையும் பார்த்தாள். அழித்தாள். அழித்த படத்தை ஃபோன் முப்பது நாள் ஒரு மூலையில் வைத்திருக்கும். அங்கேயும் போய் அழித்தாள்.

சாயங்காலம் பூசையில் ஃபாதர் சவுரிராயன் பெயரைச் சொன்னபோது முன்வரிசையில் பிரான்சிஸ் தேம்பித் தேம்பி அழுதான். அது நடிப்பு இல்லை. சரக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு நேராக வந்த தென்னரசு கடைசி வரிசையில் நின்றான். யாரும் அவனிடம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் பிரான்சிஸ் ஒரு சேரைப் போட்டான். அதில் பைபிளை வைத்தான். உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரமாக நின்றார்கள். சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது. எப்போது முடியும் என்று இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா முடிந்த மட்டும் சமாதானமாகப் பேசிப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தக் காசு பதினஞ்சு லட்சம்லாம் கெடையாது. நாலாயிரம்தான் போவும். அதுக்குப் போயி இதெல்லாம் வாணாம்ணா."

பிரான்சிஸ் அவளையே உற்றுப் பார்த்தான். "நாலாயிரம்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"விசாரிச்சேன்."

"வித்தவங்களுக்குத்தான் வெல தெரியும்." சுவரோரம் நின்றவர்கள் தலையாட்டினார்கள். "இன்னா மச்சான், நாலாயிரத்துக்கா குடுத்த?"

தென்னரசு பல்லைக் கடித்துக்கொண்டான். "நான் சத்தியம் பண்றேன். ஜெசியும் பண்ணும். அதோட முடிச்சிக்குவோம். தெனம் தெனம் இந்தப் பேஜாரு முடியல."

சத்தியம் பண்ண ஜெசிந்தாவுக்கு என்ன பயம்? அவள் எடுக்கவில்லை. தாராளமாகப் பண்ணலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிரான்சிஸ் கையை உயர்த்தினான்.

"இரு. பெரியவங்க இருக்கும்போது சின்னவங்க எதுக்கு? மொதல்ல அம்மா. அம்மாவே கைய வெச்சிட்டா அப்பாலே யாரும் மாட்டேன்னு சொல்ல முடியாது. எம்மா, வா. டின்னுலேந்து நான் எதையும் எடுக்கல, எடுத்தது யாருன்னும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. அவ்ளோதான்."

சூசை மேரி வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். தினமும் செபமாலை சொல்லாமல் படுக்காதவள். மாதா படத்துக்கு எண்ணெய் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் கடன் வாங்கி விளக்கேற்றுகிறவள். அந்தக் கை பைபிளை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு அம்மா அதற்குப் பிறகு ஒரு வாய்ச் சோறு தின்ன மாட்டாள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். பண்ணாவிட்டால் நாளைக்கே மண்வெட்டி.

"வாணாம்மா" என்றாள். "கைய எடு. நான்தான் எடுத்தேன்."

அவள் பைபிளைத் தொடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"எடுத்து?" என்றான் பிரான்சிஸ்.

"வித்துட்டேன்."

"எவ்ளோவுக்கு?"

"நாலாயிரம்."

அடிப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. சேரில் இருந்த பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தான்.

"சின்னதுல ஐஸுக்கு ஒரு ரூபா கேட்டா குடுக்க மாட்டாரு. டின்னு நெறயக் காசு இருக்கும், எனக்கு ஒரு ரூபா இருக்காது. ஒண்ணே ஒண்ண எம் பொண்ணுக்காகக் கேட்டேன். அதயும் நீ எடுத்துக்கினு பூட்ட." அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "போ ஜெசி. இந்தப் பக்கம் வராத."

ஜெசிந்தா புருஷனைத் தேடினாள். தென்னரசு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக ஊர் முழுக்கத் திருடன் என்று சொன்னபோது அவன் தலை குனியவில்லை. என் பொண்டாட்டி எடுக்க மாட்டாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னவன். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சரக்கு ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அவளுக்காக அது நிற்கவில்லை.

சூசை மேரி பக்கத்தில் வந்தாள். மகளின் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை உதறிவிட வேண்டும் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. உதறவில்லை.

அப்போது பிரான்சிஸின் ஃபோன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டான். அடக்கத்துக்குப் படம் எடுத்த அலெக்ஸ்.

"அண்ணே, முப்பதாம் நாளுக்குள்ள குடுக்கணும்னு சொன்னீங்க இல்ல, ஆல்பம் ரெடி. அப்பா மொகத்த மட்டும் தனியாப் பெருசு பண்ணி ஃப்ரேமும் போட்டுட்டேன். ரெண்டு அடி. நெத்தியில சந்தனம், காசு, எல்லாம் அப்டியே தெரியுது, சூப்பரா வந்திருக்குது. உங்க தெரு முனைக்கு வந்துட்டேண்ணே."

ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாசலைப் பார்த்தாள்.

"கொண்டாப்பா" என்றான் பிரான்சிஸ். "எங்கப்பா மொகத்த ஒரு தபா நல்லாப் பாக்கணும்."

சூசை மேரி மகளின் கையை விட்டாள். யாரும் எதுவும் கேட்பதற்குள் போய் வாசல் விளக்கை அணைத்தாள்.

அலெக்ஸுக்கு இருட்டிலும் அந்த வீட்டுக்கு வழி தெரியும்.